பால் என்றால் ஓடி வருகிறான், சோறு என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். ஒரு வயது பத்து மாதப் பையனுக்கு எப்படி ஊட்டுவது?

மதுரை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு இப்போது ஒரு வயது பத்து மாதம். ஒரு வயது வரை எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டான். இட்லியை நெய் தொட்டுக் கொடுத்தால் ஒன்று முழுசாகப் போகும், பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ், வேகவைத்த கேரட் எதற்கும் மறுப்பே கிடையாது. அப்புறம் ஒரு காய்ச்சல் வந்து ஒரு வாரம் எதுவுமே சாப்பிடவில்லை, பாலாவது போகட்டும் என்று பாலாகக் கொடுத்தேன், அதிலிருந்து சோற்றுப் பக்கமே வருவதில்லை.

இப்போது இரண்டு வாய் வாங்குவான். மூன்றாவது வாய்க்குத் தலையைத் திருப்பிக்கொள்வான். போனில் பாட்டுப் போட்டால் வாயைத் திறக்கிறான், ஆனால் மெல்லுவதில்லை, கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பான். போன வாரம் மத்தியானம் தூங்கிய பிறகு கன்னம் உப்பலாகத் தெரிகிறதே என்று விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு உருண்டை பருப்பு சாதம், ஊறிப்போய் அப்படியே இருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, நான் சாப்பிட உட்காரும்போது மணி நான்கு.

அவன் விரும்பிச் சாப்பிடுவது பிஸ்கட், அப்பளம், சில நாள் தயிர் சாதம். காலையும் சாயங்காலமும் தாத்தா டீ குடிக்கும்போது அவர் மடியில் உட்கார்ந்து டீயில் நனைத்த பிஸ்கட் இரண்டு. பால் மட்டும் எத்தனை முறை கொடுத்தாலும் குடிக்கிறான். 200 மில்லி பாட்டிலில் ஒரு நாளைக்கு ஐந்து, அதில் ஒன்று நடு ராத்திரி.

பிறக்கும்போது 2.9 கிலோ, ஒரு வயதில் 8.8, இப்போது 10.4. பக்கத்து வீட்டுப் பிள்ளை இவனை விட மூன்று மாதம் சின்னது, 12 கிலோ இருக்கிறது. என் அத்தை நல்ல மனசுதான், ஆனால் "தொக்கம் விழுந்திருக்கும், எடுத்துவிட்டு வரலாம்" என்று தினமும் சொல்கிறார், தொண்டையில் சாப்பாடு சிக்கியிருக்கிறதாம். போன மாதம் காட்டிய இடத்தில் எடைகூடப் பார்க்காமல் பசிக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை. கொடுக்கலாமா? வாயில் திணித்தாவது கொடுப்பதா, விட்டுவிடுவதா?

இன்னொன்று, இது சம்பந்தமா என்று தெரியவில்லை. துளசித் தொட்டி மண்ணை எடுத்து வாயில் போடுகிறான், சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தை நக்குகிறான். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதானே?

ரெண்டு பிள்ளைக்காரி, நெல்லை:

முதலில் அந்த ஒன்றரை மணி நேரத்தை நிறுத்துங்கள் தங்கச்சி. நானும் என் மூத்தவளுக்கு இப்படி இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி, தெரு, நாய், காக்கா என்று காட்டி ஊட்டியவள்தான், அவளுக்கும் நிம்மதி இல்லை எனக்கும் இல்லை.

நீங்கள் எழுதிய எடையையே பாருங்கள். முதல் வருஷத்தில் 5.9 கிலோ ஏறியிருக்கிறான், அதற்குப் பிறகு பத்து மாதத்தில் 1.6 கிலோ. எந்தப் பிள்ளைக்கும் இப்படித்தான். ஒரு வயதில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆகிவிடும், அதன்பின் இரண்டாவது வருஷம் முழுக்க இரண்டு, இரண்டரை கிலோ ஏறினால் அதிகம். வளர்கிற வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும். நாம் பிள்ளை எட்டு மாதத்தில் சாப்பிட்டதை மனதில் வைத்துக்கொண்டு, அதைவிட இரண்டு மடங்கு இப்போது சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு நாலு கரண்டி சோறு என்பது நம் கணக்கு. அதன் வயிற்றுக் கணக்கு, ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒன்றிரண்டு மேசைக்கரண்டிதான்.

புதுசாக ஒன்றைக் கண்டால் பயப்படுவதும் இந்த வயதில்தான் ஆரம்பிக்கும். நடக்கப் பழகிய பிள்ளை கண்டதை எடுத்து வாயில் போடாமல் இருக்க இயற்கை கொடுத்த பயம் அது என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒரு காயைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் தொடவே செய்யும். என் மூத்தவள் பூசணிக்காயைத் தொட்டுப் பார்க்கவே இரண்டு மாதம் ஆனது. தட்டில் ஒரு துண்டு வைப்பேன், அவள் எடுத்து வெளியே வைப்பாள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் நக்கினாள். அப்புறம் கடித்துத் துப்பினாள். இப்போது ஆறு வயது, புளிக்குழம்பில் பூசணி இல்லையா என்று கேட்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அது வேறு வயிறு.

கோவைக்காரர்:

ஒரு நாள் முழுக்க ஒன்றும் கொடுக்காமல் விடுங்கள். பசித்தால் தானாகக் கேட்பான். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

அங்கன்வாடி அக்கா, தஞ்சாவூர்ப் பக்கம்:

இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளை எடை போட்டவள் என்ற உரிமையில் சொல்கிறேன், மேலே எழுதிய தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. பிள்ளை காய்ச்சலில் இருந்து எழுந்ததா, ரத்தம் குறைவா என்று தெரியாமல் அந்த விளையாட்டு வேண்டாம். வேளாவேளைக்கு எதிரே வைப்பது வேறு, பட்டினி போடுவது வேறு.

மகளே, நீ கடைசியில் "சம்பந்தமா தெரியவில்லை" என்று எழுதினாயே, மண் தின்பதும் சுண்ணாம்பு நக்குவதும், என் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். பத்து மாதப் பிள்ளை மண்ணை வாயில் வைப்பது வேறு. இரண்டு வயதை நெருங்கும் பிள்ளை தேடிப் போய்த் தின்றால் இரும்புச்சத்துக் குறைவா என்று பார்த்தே ஆக வேண்டும். இரும்பு குறைந்தால் பசி எடுக்காது, பசி எடுக்காததால் சாப்பிடாது, சாப்பிடாததால் இன்னும் குறையும். இது ஒரு சுழல். நம் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் இருக்காது என்று நினைக்காதே. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. தமிழ்நாட்டிலேயே 57 பேருக்கு.

இப்போது பாலுக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். அந்த வயதுப் பிள்ளைக்கு மொத்தம் 1,000 கலோரி சொச்சம் போதும், ஒரு லிட்டர் பாலிலேயே 600-க்கு மேல் போய்விடுகிறது, அதோடு பிஸ்கட். வயிற்றில் சோற்றுக்கு இடம் எங்கே இருக்கிறது? சரி, பால்தானே, சத்துதானே என்று கேட்பாய். கால்சியம் உண்டு, இரும்பு கிடையாது. இந்த வயதில் ஒரு நாளைக்கு எட்டு மில்லிகிராம் இரும்பு தேவை, ஒரு லிட்டர் பசும்பாலில் இருப்பது அரை மில்லிகிராம் அளவுதான். மற்ற சாப்பாட்டில் இருக்கிற இரும்பையும் பால் சேரவிடாது. டீயும் அப்படித்தான், தாத்தா மடி இருக்கட்டும், டீ வேண்டாம். உன் பிள்ளை சாப்பிடாததால் பால் கொடுக்கிறோம் என்று நீ நினைக்கிறாய், பால் குடிப்பதால் சாப்பிடவில்லை என்று எனக்குப் படுகிறது. ஒரு நாளைக்கு 400, மிஞ்சினால் 500 மில்லி போதும். அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால் இல்லை.

எடையைப் பற்றி. 10.4 என்பது தாய்சேய் அட்டையில் பச்சைக் கட்டத்துக்குள்தான் வரும், மெலிந்த பக்கம், அவ்வளவுதான். அட்டையை எடுத்து எல்லாப் புள்ளியையும் சேர்த்துக் கோடு போட்டுப் பார். கோடு ஏறுகிறதா, படுக்கிறதா, இறங்குகிறதா என்பதுதான் முக்கியம், பக்கத்து வீட்டுக் கோடு நமக்கு எதற்கு.

செய்ய வேண்டியது: குழந்தை மருத்துவரிடம் போய் ஹீமோகுளோபின் பார். 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை என்பது நம் திட்டத்தில் உள்ள கணக்கு. பூச்சி மாத்திரை எப்போது கொடுத்தது என்று பார், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் கொடுப்போம், இரண்டு வயதுக்குள் அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து. வாரம் இரண்டு தடவை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்தும் இந்த வயதுக்குத் திட்டத்தில் உண்டு, உன் பகுதிச் செவிலியரைக் கேள். ஆனால் அது வராமல் தடுக்க. வந்துவிட்டால் எடைக்கு ஏற்ற அளவு மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீயாக வாங்கி ஊற்றாதே.

டானிக் பாட்டிலை ஓரமாக வை. பசி டானிக் சிலவற்றில் தூக்கம் வரவைக்கிற மருந்து இருக்கும், ரத்தத்தைப் பார்க்காமல் பசியைத் தூண்டி என்ன பயன். தொக்கம் மட்டும் எடுக்கவே எடுக்காதே. அத்தையிடம் சண்டை போடாமல் சொல், ஆனால் உறுதியாகச் சொல். வாய்க்குள் குழாய் வைத்து ஊதுவது, உறிஞ்சுவது, வயிற்றை அமுக்கி நீவுவது எல்லாம் பிள்ளைக்கு ஆபத்து. தொண்டையில் ஒன்றும் சிக்கியிருக்காது, சிக்கியிருந்தால் பிள்ளை சிரித்துக்கொண்டு பால் குடிக்குமா?

தூங்கும்போது வாயில் சோறு இருந்தது என்றாயே, அதைப் படித்ததும் எனக்குப் பதறியது. புரை ஏறினால் என்ன ஆகும் என்று யோசி. போனைக் காட்டி வாயில் வைக்கும்போது பிள்ளைக்குத் தான் சாப்பிடுகிறோம் என்பதே தெரிவதில்லை. படுக்க வைக்கும் முன் வாயைப் பார்த்துவிட்டுப் படுக்க வை. முழு நிலக்கடலை, முந்திரி, முழு திராட்சை இந்த வயதில் வேண்டாம், பொடித்தோ நறுக்கியோ கொடு.

மதுரை அம்மா:

அக்கா, இரண்டு முறை படித்தேன். நாளைக் காலை ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். பால்தான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஒன்றும் சாப்பிடாத பிள்ளைக்கு அதுவாவது போகிறதே என்று நானே எழுந்து ராத்திரியில் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டிலை எப்படி நிறுத்துவது? கேட்டு அழுதால் வீடே எழுந்துவிடும். போனை நிறுத்தினால் அந்த இரண்டு வாயும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஈரோடு அப்பா:

இதே கூத்து எங்கள் வீட்டில் போன வருஷம் நடந்தது, அதனால் எழுதுகிறேன். என் மனைவி வேலைக்குப் போகிறார், சாயங்காலமும் ராத்திரியும் பெண்ணுக்கு ஊட்டுவது என் பொறுப்பு.

ராத்திரி பாட்டிலை ஒரே நாளில் நிறுத்தவில்லை. 200-ஐ மூன்று நாளுக்கு ஒரு தடவை 30, 40 என்று குறைத்தேன், கடைசியில் 50 மில்லி ஆனதும் தண்ணீர் கொடுத்தேன், இரண்டு ராத்திரி அழுதாள், தோளில் போட்டு நடந்தேன், மூன்றாவது ராத்திரி எழவில்லை. ராத்திரிப் பாட்டில் போனது பல்லுக்கும் நல்லது. பகல் பாலை டம்ளருக்கு மாற்றினோம், டம்ளரில் தானாகவே குறைந்துவிட்டது, ஏனென்றால் பாட்டில் சப்புவதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது, பால் இல்லை.

போனை நிறுத்திய முதல் மூன்று நாள் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். முதல் நாள் மத்தியானம் ஒரு வாய்கூட வாங்கவில்லை. ஆனால் அடுத்த வேளை வருகிற வரைக்கும் தண்ணீர் தவிர ஒன்றும் கொடுக்காமல் இருந்தோம், பட்டினி இல்லை, சாயங்காலம் நாலு மணிக்கு வழக்கம் போலச் சுண்டலும் வாழைப்பழமும் எதிரே வைத்தோம், முழுப் பழத்தையும் தின்றாள். அமெரிக்காவில் எலின் சாட்டர் என்ற ஒரு உணவியலாளர் இருக்கிறார், அவர் சொல்லும் முறை இதுதான்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் கையில், சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளை கையில். கேட்டபோது எனக்கு ஒப்பவில்லை. செய்து பார்த்த பிறகு ஒப்புக்கொள்கிறேன்.

எங்களுக்கு வேலை செய்தது என்னவென்றால், அவளுக்குத் தனியாக ஊட்டுவதை விட்டுவிட்டு எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம், அவளுக்கும் ஒரு சின்னத் தட்டு. தட்டில் மூன்று நான்கு வகை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம், அதில் ஒன்று அவள் கட்டாயம் சாப்பிடுகிற பதார்த்தம். தோசையை ஐந்து ரூபாய்க் காசு அளவில் ஊற்றுவேன், கல்லில் ஒரே நேரத்தில் ஏழெட்டு, ஓரம் கொஞ்சம் முறுகலாக. பெரிய தோசையைப் பிய்த்துக் கொடுத்தால் தொடாதவள் இதை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி வைத்துவிட்டுத் தின்பாள். கீழே சிந்தும், சுவரில் பூசும், பழைய வேட்டியை விரித்துப் போட்டுவிட்டு நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆனதும் தட்டை எடுத்துவிடுவோம், "சாப்பிடவே இல்லையே" என்ற பேச்சு கிடையாது, "சமத்து, எல்லாத்தையும் சாப்பிட்டா" என்ற பேச்சும் கிடையாது.

உங்கள் பையனுக்குத் தயிர் சாதம் பிடிக்கும் என்றீர்களே. தட்டில் அது கொஞ்சம் இருக்கட்டும், பக்கத்தில் நீங்கள் சாப்பிடுகிற பருப்பும் காயும் கொஞ்சம்.

வெண்பொங்கல்:

இங்கே எல்லோரும் சொல்வது சரி, பெரும்பாலான பிள்ளைகளுக்கு. என் மகன் விஷயம் வேறு என்பதால் இதையும் யாராவது படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

அவன் இரண்டு வயதில் வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் சாப்பிட்டான். இட்லி, வெறும் சோறு, இடியாப்பம், தயிர். இட்லியில் ஒரு கடுகு ஒட்டியிருந்தால் தட்டையே தள்ளிவிடுவான், குழைந்த பருப்பு விரலில் பட்டாலே குமட்டுவான். மாதாமாதம் ஒன்று கழிந்துகொண்டே வந்தது, முதலில் இடியாப்பம் போனது, அப்புறம் தயிர், கடைசியில் நான்கு பதார்த்தம்தான் மிச்சம். பிடிவாதம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்து அடித்திருக்கிறேன், அதை நினைத்தால் இன்றும் தாங்கவில்லை. பேச்சும் தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் குறைவு. ஒரு அரசு மருத்துவமனையில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில்தான் தெரிந்தது, அவன் நாக்குக்கும் கைக்கும் சில தொடு உணர்வுகள் நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு அதிகமாகத் தெரிகின்றன என்று. பயிற்சி கொடுத்தார்கள், மாவு, அரிசி, ஈர மணல் என்று கையால் விளையாட வைத்துத்தான் ஆரம்பித்தார்கள், வாய்க்கு வர ஐந்தாறு மாதம் ஆனது.

மதுரைத் தங்கையின் பையன் அப்படித் தெரியவில்லை, ஒரு வயது வரை எல்லாம் சாப்பிட்டவன், அப்பளமும் தயிர் சாதமும் சாப்பிடுகிறான். ஆனால் சாப்பிடுகிற பதார்த்தங்கள் குறைந்துகொண்டே போனாலோ, விழுங்கும்போது இருமல், புரை அடிக்கடி வந்தாலோ, எடை இறங்கினாலோ, பேச்சில் தாமதம் இருந்தாலோ, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

மதுரை அம்மா (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று இன்றுதான் நேரம் கிடைத்தது. ஹீமோகுளோபின் 9.4 வந்தது. அக்கா, நீங்கள் சொன்னதுதான். மருத்துவர் எடை போட்டு, இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், பாலோடு கொடுக்கக் கூடாது, சாத்துக்குடிச் சாறோடு கொடுங்கள் என்றார். பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று.

பால் இப்போது காலை ஒரு டம்ளர், ராத்திரி ஏழு மணிக்கு ஒரு டம்ளர். நடு ராத்திரிப் பாட்டில் போய் ஒன்பது நாள் ஆகிறது. டீ பிஸ்கட்டை நிறுத்தச் சொன்னபோது மாமாவுக்குத்தான் மனசு கஷ்டமாக இருந்தது, இப்போது அவர் டீ குடிக்கும்போது இவனுக்கு ஒரு கிண்ணத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அத்தையிடம் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே கடைக்குப் போய் ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வாங்கிவந்து, மிளகு தட்டிப் போட்டு வதக்கி, நசுக்கிச் சோற்றில் பிசைந்தார். நான்கு வாய் தானாக எடுத்துச் சாப்பிட்டான்.

முதல் வாரம் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, இரண்டு நாள் நான் போனை எடுக்கப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தாவது நாளோ என்னவோ, நாங்கள் சாம்பார் சாதம் சாப்பிடும்போது என் தட்டில் இருந்த முருங்கைக்காயைக் கை நீட்டிக் கேட்டான். காயைப் பிளந்து உள்சதை தெரியும்படி கொடுத்தேன். நாரைப் பல்லால் இழுத்து, சப்பி, கண்ணை மூடிக்கொண்டு அப்படி ஒரு ருசி. இப்போது சாம்பார் வாசனை வந்தாலே தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறான். பருப்பு சாதத்தை இன்னும் தொடவில்லை, பரவாயில்லை, தட்டில் வைத்துக்கொண்டிருக்கிறேன். மண் பக்கம் போவதும் குறைந்திருக்கிறது, துளசித் தொட்டியை மாடிக்கு ஏற்றிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். மருந்து ஆரம்பித்ததில் இருந்து மலம் கறுப்பாகப் போகிறது. பயப்படலாமா? ஹீமோகுளோபின் ஏறிவிட்டால் மருந்தை நிறுத்திவிடலாமா?

அங்கன்வாடி அக்கா, தஞ்சாவூர்ப் பக்கம்:

கறுப்பு அந்த மருந்தால்தான், பயப்படாதே. பல்லும் கறுக்கும், அதனால் சொட்டை நாக்கின் பின்பக்கமாக விட்டு, கொஞ்சம் தண்ணீர் கொடுத்துப் பல்லைத் துடைத்துவிடு. மலச்சிக்கல் வந்தால் மருத்துவரிடம் சொல், நீயாக நிறுத்தாதே. அளவு ஏறியதும் நிறுத்திவிடுவதும் தப்பு, உடம்பில் இருப்பு சேர இன்னும் இரண்டு மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள், அவர் சொன்ன தேதியில் மறுபடி ரத்தம் பார். மருந்து பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வை. இனிப்பாக இருக்கிறது என்று மொத்தமாகக் குடித்துவிட்டால் அது விஷம், இதை மட்டும் மறந்துவிடாதே.

உன் அத்தைக்கு என் வணக்கம் சொல்.